'ஆம்' என்றாலும் லூப் நிற்கவில்லை, 'வேண்டாம்' என்றாலும் நிற்கவில்லை

ஜூன் 4, இரவு 9.40 (கேள்வி)

பைத்தான் பழக ஆரம்பித்திருக்கிறேன். பயனர் 'ஆம்' அல்லது 'வேண்டாம்' என்று அடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இப்படி எழுதினேன்:

வைல் பதில் != "ஆம்" ஆர் பதில் != "வேண்டாம்":
    பதில் = இன்புட்("தொடரலாமா? ")

என்ன அடித்தாலும் மறுபடி கேட்கிறது. 'ஆம்' இல்லை என்றாலோ 'வேண்டாம்' இல்லை என்றாலோ கேள் என்றுதானே சொல்லியிருக்கிறேன்? எங்கே தப்பு?

ஜூன் 4, இரவு 10.15

ஆர் இருக்கும் இடத்தில் அண்ட் போடுங்கள், நின்றுவிடும்.

காரணம்: நீங்கள் 'ஆம்' அடித்ததும் முதல் பாதி பொய்யாகிறது. ஆனால் இரண்டாம் பாதியைப் பாருங்கள். பதில் 'வேண்டாம்' இல்லைதானே? அது மெய். ஆர் என்பதற்கு ஒரு பக்கம் மெய்யாக இருந்தால் போதும், லூப் ஓடும். 'வேண்டாம்' அடித்தால் இதே கதை தலைகீழாக. ஒரே சொல் ஒரே நேரத்தில் இரண்டு சொற்களுக்கும் சமமாக இருக்க முடியாது. ஆகவே எதை அடித்தாலும் இரண்டில் ஒன்றாவது மெய். உங்கள் கண்டிஷனுக்குப் பொய் ஆகும் வழியே கிடையாது.

(கோட் வரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அடிக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஜூன் 5, காலை

நேற்று சொன்னது மருந்துச்சீட்டு மாதிரி ஆகிவிட்டது. அண்ட் போட்டால் ஏன் சரி என்பது மனதில் உட்காரவில்லை என்றால் அடுத்த வாரம் இதே கேள்வி வேறு உடையில் வரும். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

'எப்போது ஓட வேண்டும்' என்று யோசிக்காதீர்கள். 'எப்போது நிற்க வேண்டும்' என்று எழுதுங்கள். அது சுலபம்:

பதில் == "ஆம்" ஆர் பதில் == "வேண்டாம்"

இதில் யாருக்கும் குழப்பம் வராது. இதை அப்படியே அடைப்புக்குள் வைத்து முன்னால் நாட் போட்டால் ஓட வேண்டிய கண்டிஷன் கிடைத்துவிடும்:

வைல் நாட் (பதில் == "ஆம்" ஆர் பதில் == "வேண்டாம்"):

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கோட் வேலை செய்யும். அடைப்பைப் பிரிக்க ஆசைப்பட்டால் நாட் உள்ளே போகும்போது மூன்று மாற்றங்கள் நடக்க வேண்டும்: இடப்பக்கம் == என்பது != ஆகும், வலப்பக்கமும் ஆகும், நடுவில் இருக்கும் ஆர் என்பது அண்ட் ஆகும். எல்லோரும் முதல் இரண்டைச் செய்துவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் லூப்பில் நடந்தது அதுதான். இந்த விதிக்கு 19ஆம் நூற்றாண்டின் கணிதவியலாளர் டி மார்கன் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, நடுவில் இருப்பது மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

பைத்தானில் இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால்: வைல் பதில் நாட் இன் ("ஆம்", "வேண்டாம்"). நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்.

நான் பல பேருக்குக் கோடிங் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. கண்டிஷன் எழுதும்போது அது யாரை உள்ளே விடுகிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பதில்லை. பக் பெரும்பாலும் அந்த வெளியே நிற்கும் கூட்டத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 5, மாலை

ஒருவர் "இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு, பதில் != "ஆம்" அண்ட் "வேண்டாம்" என்று எழுதினால் போதுமே" என்கிறார். போதாது. இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் இது பாதி வேலை செய்கிறது.

கம்ப்யூட்டர் இதைப் படிப்பது இப்படி: (பதில் != "ஆம்") அண்ட் ("வேண்டாம்"). வலப்பக்கம் ஒரு சொல் அநாதையாக நிற்கிறது. அதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பைத்தானில் காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் (மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) மெய்யாகக் கருதப்படும். ஆகவே மிஞ்சுவது பதில் != "ஆம்" மட்டுமே. 'ஆம்' அடித்துப் பார்த்தால் நிற்கும், 'சரிதான், முடிந்தது' என்று எழுந்து போய்விடுவீர்கள். 'வேண்டாம்' என்று சொல்ல நினைப்பவர் மட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார்.

இதன் இன்னொரு வடிவம்: இஃப் நிறம் == "சிவப்பு" ஆர் "பச்சை". இது எப்போதும் மெய். நிறம் ஊதாவாக இருந்தாலும் மெய்.

அண்ட், ஆர் இரண்டுக்கும் இரு பக்கமும் தனியாக எடுத்துப் படித்தால் மெய்யா பொய்யா என்று கேட்கக்கூடிய முழு வாக்கியம் இருக்க வேண்டும். "'வேண்டாம்' மெய்யா பொய்யா?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பேச்சில் நாம் பாதியை விழுங்கிவிடுவோம், கேட்பவர் நிரப்பிக்கொள்வார். இங்கே நிரப்ப ஆள் இல்லை.

ஜூன் 6

மேலே சொன்ன 'மெய்யாகக் கருதப்படும்' விவகாரம் மொழிக்கு மொழி மாறும். பைத்தானில் 0, காலி ஸ்ட்ரிங், காலி லிஸ்ட், 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் நன் எல்லாம் பொய். ஜாவாஸ்கிரிப்டில் காலி அரே மெய். ரூபியில் 0 கூட மெய். பிஎச்பியில் "0" என்ற ஸ்ட்ரிங் பொய், பைத்தானில் அதே "0" மெய். மனப்பாடம் செய்ய வேண்டாம், சந்தேகம் வந்தால் ஒப்பீட்டை முழுசாக எழுதிவிடுங்கள்.

பயனர் "ஃபால்ஸ்" என்று டைப் செய்ததை அப்படியே, எதையும் மெய் அல்லது பொய்யாக மாற்றும் பூல்() உள்ளே போட்டால் ட்ரூ, அதாவது மெய், வரும். கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல், காலி இல்லை, ஆகவே மெய். அவ்வளவுதான் அதன் நியாயம்.

ஜூன் 8

எல்ஸ் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அங்கேதான் போக வேண்டியிருந்தது.

முதலில் வரிசை. இதைப் பாருங்கள்:

இஃப் மதிப்பெண் >= 40:
    "தேர்ச்சி"
எலிஃப் மதிப்பெண் >= 75:
    "முதல் தரம்"
எல்ஸ்:
    "தோல்வி"

95 எடுத்தவருக்கு வெறும் 'தேர்ச்சி'தான். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து முதலில் மெய்யாகும் கதவில் நுழைந்துவிடும், மற்றவற்றை எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டாவது கதவு யாருக்கும் திறக்காது. குறுகிய கண்டிஷன் மேலே, அகலமானது கீழே. எலிஃப் எல்லாவற்றையும் தனித்தனி இஃப் ஆக மாற்றிவிட்டால் வேறு மாதிரிக் கூத்து: 95க்கு இரண்டு வரியும் அச்சாகும்.

அப்புறம் அந்த எல்ஸ். யார் யார் அதில் வந்து விழுவார்கள்? 40க்குக் கீழே எடுத்தவர்கள், சரி. தவறிப்போய் -5 என்று பதிவானவர்? அவரும் தோல்வி. 950 என்று அடித்துவிட்டால்? அவர் மேலே தேர்ச்சி. எல்ஸ் என்பது 'தோல்வி' இல்லை, 'மேலே எதிலும் சேராத எல்லாம்'. புதிதாகப் பழகுபவர்களிடம் நான் கோடைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பேன்: உன் எல்ஸில் யார் யார் இருக்கிறார்கள், வாயால் சொல். மூன்றாவது ஆளைச் சொல்லும்போதே பக் தானாக வெளியே வந்துவிடும்.

எல்ஸே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மறக்க முடியாத உதாரணம், மைக்ரோசாஃப்டின் ஸூன் 30 என்ற பாட்டுப் பெட்டி. 2008 டிசம்பர் 31 அன்று அவை உறைந்து நின்றன. உள்ளே இருந்த கோட் 1980இலிருந்து கடந்த நாட்களை எடுத்துக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்கும் ஒரு லூப். சாரம் இதுதான்:

வைல் நாட்கள் > 365:
    இஃப் லீப் ஆண்டு:
        இஃப் நாட்கள் > 366:
            நாட்கள் -= 366
            ஆண்டு += 1
    எல்ஸ்:
        நாட்கள் -= 365
        ஆண்டு += 1

2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366ஆம் நாள். நாட்கள் சரியாக 366 என்று ஆனதும்: 365ஐ விடப் பெரிது, லூப் உள்ளே வா. லீப் ஆண்டு, உள்ளே வா. 366ஐ விடப் பெரிதா? இல்லை. அப்போது என்ன செய்வது? எதுவும் எழுதவில்லை. மறுபடி மேலே போ. 366, 366, 366. பேட்டரியைத் தீரவிட்டு, மறுநாள் வந்தபின் ஆன் செய்யச் சொன்னார்கள்.

உள்ளே இருக்கும் இஃப்புக்கு ஒரு எல்ஸ் போட்டு லூப்பை உடைத்திருந்தால் முடிந்தது. கவனியுங்கள், இது வெளியே ஒரு எல்ஸ் இருப்பதால் பார்வைக்கு 'எல்லாம் கவனிக்கப்பட்டிருக்கிறது' என்றே தோன்றும். அது வெளி இஃப்புக்கான எல்ஸ்.

ஜூன் 9

"அப்படியானால் ஒவ்வொரு இஃப்புக்கும் எல்ஸ் எழுத வேண்டுமா?" வேண்டாம். நேற்றைய குறிப்பு அந்த எண்ணத்தைத் தந்திருந்தால் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒவ்வொன்றுக்கும் எல்ஸ் இருப்பதாக *யோசிக்க* வேண்டும். 'அந்தப் பக்கம் எதுவும் செய்ய வேண்டாம்' என்று முடிவெடுத்து விடுவது வேறு, அந்தப் பக்கம் இருப்பதே தெரியாமல் விடுவது வேறு. கோடில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதுதான் கொடுமை.

ஃபங்ஷனுக்குள் இருக்கும்போது நான் செய்வது: ஆகாதவற்றை மேலேயே அனுப்பிவிடுவேன். மதிப்பெண் 0க்குக் கீழே அல்லது 100க்கு மேலே என்றால் பிழை எழுப்பு. ரிட்டர்ன். அதற்குக் கீழே எழுதும்போது 0 முதல் 100 வரை என்ற நிம்மதி. ஏழு அடுக்கு இஃப்புகள் படிக்கட்டு மாதிரி வலது பக்கம் போய்க்கொண்டே இருக்காது.

ஜூன் 11

ஒற்றைச் சமக்குறி, இரட்டைச் சமக்குறி. = என்றால் வை, == என்றால் சமமா என்று கேள். பைத்தானில் இஃப் அ = 5 என்று எழுதினால் ஓடவே ஓடாது, தொடரியல் பிழை என்று நிற்கும். சி மொழியில் ஓடும். அ-வில் 5ஐ வைத்துவிட்டு, வைத்த மதிப்பையே கண்டிஷனாக எடுத்துக்கொள்ளும். 5 பூஜ்யம் இல்லை, ஆகவே மெய்.

இதைச் சின்னப்பிள்ளை விஷயம் என்று நினைப்பவர்களுக்காக: 2003 நவம்பரில் யாரோ லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு நகலில் திருட்டுத்தனமாக இரண்டு வரி சேர்த்தார்கள். பார்க்க ஒரு சாதாரணச் சோதனை: இரண்டு விசித்திரமான ஆப்ஷன்கள் சேர்ந்து வந்து, *மேலும்* பயனர் எண் 0 ஆக இருந்தால் பிழை கொடு. பயனர் எண் 0 என்றால் ரூட், சகல அதிகாரமும் உள்ளவர். ஆனால் அங்கே இருந்தது == இல்லை, =. அதாவது, அந்த ஆப்ஷன்களோடு அழைத்தவரை ரூட் ஆக்கிவிடு.

இதில் எனக்குப் பிடித்த, வயிற்றைக் கலக்கும் நுணுக்கங்கள் இரண்டு. அண்ட்டின் இடப்பக்கம் பொய்யானால் சி மொழி வலப்பக்கத்தைத் தொடவே தொடாது. ஆகவே சாதாரணமாகப் பயன்படுத்துபவர்களுக்கு எதுவும் நடக்காது. அப்புறம், வைத்த மதிப்பு 0, அதாவது பொய். ஆகவே இஃப்பின் உடல் ஓடாது, பிழைச் செய்தியும் வராது. சத்தமே இல்லாத கதவு. மூலக் களஞ்சியத்தோடு நகல் பொருந்தவில்லை என்பதால் கண்டுபிடித்து நீக்கினார்கள்.

ஜூன் 11, சற்றுக் கழித்து

'வலப்பக்கத்தைத் தொடாது' என்பதைப் பற்றி. இதை நல்லதுக்கும் பயன்படுத்தலாம், தினமும் பயன்படுத்துகிறோம்:

இஃப் எண்ணிக்கை != 0 அண்ட் மொத்தம் / எண்ணிக்கை > 50:

எண்ணிக்கை 0 என்றால் வகுத்தல் நடக்காது. வரிசையை மாற்றிப் போட்டால் பூஜ்யத்தால் வகுத்துவிட்டு விழும். தாளில் 'க அண்ட் ச'வும் 'ச அண்ட் க'வும் ஒன்றே. ஓடும் கோடில் ஒன்றல்ல. உண்மை அட்டவணையை மட்டும் வைத்துப் பாடம் எடுப்பவர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஜூன் 14

சி, ஜாவா எழுதுபவர்கள் ஒரு வரி இஃப்புக்கும் வளைந்த அடைப்பு போடுங்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகச் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கலாம்: இஃப்புக்குக் கீழே 'கோட்டு ஃபெயில்' ('ஃபெயில்' என்ற இடத்துக்குத் தாவு) என்ற வரி இரண்டு தடவை இருந்தது. முதல் வரி இஃப்புக்குச் சொந்தம். இரண்டாவது, உள்தள்ளி இருந்ததால் அதுவும் உள்ளே இருப்பதுபோலக் கண்ணை ஏமாற்றியது. நிஜத்தில் யாருக்கும் கட்டுப்படாமல் எப்போதும் ஓடியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்தது. அந்த நேரத்தில் பிழை எண் 0, ஆகவே 'எல்லாம் சரி' என்று திரும்பியது.

பைத்தானில் கண்ணுக்குத் தெரியும் உள்தள்ளலே இலக்கணம் என்பதால் இந்த வகைத் தொல்லை இல்லை. வேறு தொல்லைகள் உண்டு.

ஜூன் 15

நாட், அண்ட், ஆர் மூன்றும் ஒரே வரியில் வந்தால் எதற்கு முன்னுரிமை என்ற கேள்விக்கு. நாட் முதலில், அண்ட் அடுத்து, ஆர் கடைசி.

இதற்கு எல்லோரும் லீப் ஆண்டு உதாரணம் கொடுக்கிறார்கள் (% என்பது வகுத்தால் வரும் மீதி):

ஆண்டு % 4 == 0 அண்ட் ஆண்டு % 100 != 0 ஆர் ஆண்டு % 400 == 0

நல்ல கணக்கு, ஆனால் முன்னுரிமை சொல்லிக்கொடுக்க உதவாத கணக்கு என்பேன். முதல் இரண்டைச் சேர்த்து அடைப்பு போட்டாலும் சரியான விடை, பின் இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் சரியான விடை! 400ஆல் வகுபடும் எதுவும் 4ஆலும் வகுபட்டுவிடும் என்பதால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. மாணவர் தப்பாகப் புரிந்துகொண்டாலும் டெஸ்ட் எல்லாம் தேறும்.

இதை எடுங்கள்:

இஃப் உறுப்பினர் ஆர் விருந்தினர் அண்ட் அனுமதி:

அடைப்பு இல்லாமல் இது: உறுப்பினர் என்றால் எதுவும் கேட்காமல் விடு, விருந்தினர் என்றால் அனுமதி பார். எழுதியவர் நினைத்தது 'இருவருக்கும் அனுமதி வேண்டும்' என்றால், அனுமதி இல்லாத உறுப்பினர் உள்ளே போய்விட்டார். அண்ட்டும் ஆரும் ஒரே வரியில் வந்தால் விதி தெரிந்தாலும் அடைப்பு போடுவேன். படிக்கப்போகிறவருக்கு விதி தெரியுமா என்று எனக்குத் தெரியாதே.

லீப் ஆண்டை எழுதிப் பார்க்க விரும்பினால் 2023, 2024, 1900, 2000 நான்கையும் கொடுத்துப் பாருங்கள். 1900 லீப் இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் அதை லீப் என்று எடுத்துக்கொண்டது, அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது. இன்றைக்கும் எக்செலில் 1900 பிப்ரவரி 29 உண்டு.

ஜூன் 18

வழி தவறிக் கொஞ்சம். ஜார்ஜ் பூல் 1847இலும் 1854இலும் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதியபோது கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு எண்ணைத் தன்னோடு பெருக்கினால் அதே எண் வர வேண்டும் என்று ஒரு விதி வைத்தார். சாதாரண எண்களில் அதற்கு ஒத்துவருபவை 0, 1 இரண்டு மட்டுமே. 1937இல் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் ரிலே சுவிட்ச் சுற்றுகளுக்கும் அந்த இயற்கணிதமே பொருந்தும் என்று காட்டினார். தொடராக இணைத்தால் அண்ட், இணையாக இணைத்தால் ஆர்.

ஜூன் 20

'இஃப் முடிந்தது == ட்ரூ' என்று எழுதுவதைக் கேலி செய்து ஒருவர் போட்டிருக்கிறார். இஃப் முடிந்தது போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழக ஆரம்பித்தவர்களிடம் இதில் கடுமை காட்டுவதை விட்டுவிட்டேன். தேவையற்ற நீளம் யாரையும் கொல்லாது. நான் திருத்தச் சொல்வது பெயரை: 'செல்லாதது_இல்லை' என்று ஒரு மாறி வைத்து, அதற்கு முன்னால் நாட் போட்டு, அதை ஃபால்ஸோடு ஒப்பிடும் கோடை ஒருமுறை படிக்க வேண்டியிருந்தது. விரல்விட்டு எண்ணித்தான் முடிவுக்கு வந்தேன்.

ஜூன் 20, இரவு

18 <= வயது <= 60 பற்றி: பைத்தானில் நினைத்தபடி நடக்கும். சி, ஜாவாஸ்கிரிப்டில் எப்போதும் மெய். முதலில் 18 <= வயது என்பதற்கு 0 அல்லது 1 கிடைக்கும், அப்புறம் அது 60க்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருக்காமல் எங்கே போகும்? இதே காரணத்தால் ஜாவாஸ்கிரிப்டில் 3 > 2 > 1 பொய்.

பைத்தான்காரர்கள் சிரிக்க வேண்டாம். க != ச != ட என்று எழுதினால் மூன்றும் வெவ்வேறு என்று பொருள் இல்லை. க-வும் ட-வும் ஒன்றாக இருக்கலாம்.

ஜூன் 23

எதிர்மறையாக்கும்போது > என்பதை < என்று திருப்புபவர்கள் நிறைய. அது <= ஆக வேண்டும். '18க்கு மேல்', '18க்குக் கீழ்' என்று இரண்டு இஃப் எழுதிச் சரியாக 18 வயதுக்காரரை நடுவில் தொலைத்த படிவங்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. எல்லைக் கோட்டில் நிற்கும் எண்ணையும் அதற்கு இருபுறமும் ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

தசம எண்களில் == வேண்டாம். 0.1 + 0.2 == 0.3 பொய், விடை 0.30000000000000004. வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேளுங்கள்.

"எப்போதும் <= ஆகுமா?" என்று ஒரு கெட்டிக்காரர் கேட்டுவிட்டார். கிட்டத்தட்ட. எண் அல்லாத மதிப்பு ('நாட் எ நம்பர்', சுருக்கமாக 'நான்') ஒன்று இருக்கிறது (எழுத்தில் அப்படித்தான் வருகிறது, தத்துவத்துக்குள் போகவில்லை). அது 5ஐ விடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, சமமும் இல்லை. தனக்குத்தானே கூடச் சமமில்லை. அங்கே நாட் (அ > 5) மெய், அ <= 5 பொய்.

தரவுத்தளங்களிடம் கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியில் இது இன்னும் மோசம். 'நல்' (மதிப்பு நிரப்பப்படாத இடம்) குறுக்கே வந்தால் விடை மெய்யும் இல்லை பொய்யும் இல்லை, 'தெரியாது' என்ற மூன்றாவது. நாட் இன் பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் இருந்தால் வினவல் ஒரு வரிசைகூடத் தராது, பிழையும் சொல்லாது. அதை யாராவது தனிக் கேள்வியாகப் போடுங்கள், வந்து எழுதுகிறேன்.